ஆங்கில ஆசிரியரின் பேச்சு: புரியவில்லையா, பிடிக்கவில்லையா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்க வந்திருப்பவருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. முதல் நாள் அவர் பேசத் தொடங்கியதுமே வகுப்பில் பாதிப்பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இவர்கிட்ட படிச்சா நம்ம இங்கிலீஷும் இப்படித்தான் ஆகும்" என்று வெளியே வந்ததும் பேச்சு. அந்தப் பயம் நியாயமானதா, வேறு ஆசிரியர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் போய்க் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஆங்கில ஆசிரியர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன், சில ஆண்டுகளாகப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். அதனால் என் பேச்சில் ஒரு சார்பு இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த எண்ணத்தோடேயே படியுங்கள், தவறில்லை. ஆசிரியர்கள் பக்கம் இருக்கும் குறையையும் நான் மறைக்கப் போவதில்லை.

நேராகச் சொன்னால், உங்கள் பயத்தில் பெரும்பகுதி அவர் பேச்சிலிருந்து வரவில்லை. அவர் பேசுவதற்கு முன்பே உங்கள் மனதில் இருந்த ஒரு முடிவிலிருந்து வருகிறது. மீதி ஒரு சிறு பகுதி இருக்கிறது, அது உண்மையான குறையாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நிர்வாகத்திடம் போனால் ஒரு நல்ல ஆசிரியரை இழந்துவிடவும் வாய்ப்பு உண்டு, ஒரு நியாயமான புகாரை நிர்வாகம் "பசங்க சும்மா சொல்றாங்க" என்று தள்ளிவிடவும் வாய்ப்பு உண்டு.

முன்பே இருந்த முடிவு என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்ணின் குரலில் ஒரு விரிவுரையைப் பதிவு செய்துகொண்டார். அதே பதிவைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும்போது, சிலருக்கு வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படத்தைக் காட்டி இவர்தான் பேசுகிறார் என்றார்கள், மற்றவர்களுக்குக் கிழக்காசிய முகமுள்ள பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். குரல் ஒன்றுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குரலில் வெளிநாட்டு ஆக்சென்ட், அதாவது வெளிநாட்டு உச்சரிப்புச் சாயல், இருப்பதாகச் சொன்னார்கள். அதோடு போகவில்லை, கேட்ட விரிவுரையிலிருந்து கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னபோது அவர்கள் நிரப்பியதும் குறைவாக இருந்தது. அதாவது, இல்லாத ஆக்சென்டைக் கேட்டார்கள், கேட்டதாக நினைத்ததாலேயே பாடமும் குறைவாக மனதில் நின்றது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே மனம் கனத்துப்போனது. ஏனென்றால் நான் என் நாக்கை எவ்வளவு திருத்திக்கொண்டாலும், என் பெயரையும் முகத்தையும் பார்த்தவுடன் சிலருடைய காது பாதி மூடிக்கொள்ளும் என்றல்லவா இது சொல்கிறது.

இதற்கும் 32 ஆண்டுகளுக்கு முன்னால், 1960-ல், கனடாவின் மான்ட்ரியலில் வாலஸ் லம்பெர்ட்டும் அவருடைய குழுவினரும் வேறொரு விதமாக இதையே காட்டியிருந்தார்கள். இரு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒரே ஆளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பகுதியைப் படிக்கவைத்து, இரண்டும் வெவ்வேறு ஆட்கள் என்று கேட்பவர்கள் நம்பும்படி மற்றக் குரல்களோடு கலந்து போட்டார்கள். குரலை மட்டும் வைத்து இவர் எப்படிப்பட்டவர், புத்திசாலியா, நம்பகமானவரா என்று மதிப்பிடச் சொன்னபோது, ஆங்கிலத்தில் பேசிய "ஆளுக்கு" மதிப்பெண் கூடுதலாக விழுந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அப்படிக் கொடுத்தது பெரிதில்லை. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தங்கள் மொழிக்காரரைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நம்மைப் போலவே பேசுகிற ஒருவரை நாமே குறைவாக எடைபோடுகிறோம். உங்கள் வகுப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் அந்த ஆசிரியரைப் போலவே ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷிரி லெவ்-ஆரியும் போவாஸ் கெய்சாரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் சின்னச் சின்னப் பொது அறிவுச் செய்திகளைப் பல ஆக்சென்டில் படிக்கவைத்து, இது உண்மையா பொய்யா என்று கேட்டார்கள். ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்பது போன்ற வாக்கியங்கள். படிப்பவர்கள் தாங்களாக எதையும் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குத் தெரியும். அப்படியும், ஆக்சென்ட் உள்ளவர் படித்தால் அது உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கை சற்றுக் குறைந்தது. காது சிரமப்பட்டால், அந்தச் சிரமத்தை மனம் சந்தேகமாக மாற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆய்வு எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்து பார்த்தபோது, லேசான ஆக்சென்ட் விஷயத்தில் மக்கள் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். கனமான ஆக்சென்டில் அந்தத் திருத்தம் நடக்கவில்லை. ஆகவே தெரிந்துகொண்டால் மட்டுமே இது போய்விடும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாம் "அவர் பேசுவது புரியல" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. முர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள், இன்றைக்கும் உச்சரிப்புக் கற்பித்தலில் அந்தப் பிரிவினைதான் அடித்தளம். ஒன்று, பேச்சு எனக்குப் பழகிய ஆங்கிலத்திலிருந்து எவ்வளவு வேறுபட்டுக் கேட்கிறது, அதுதான் ஆக்சென்ட். இரண்டு, அதைப் புரிந்துகொள்ள நான் எவ்வளவு சிரமப்படுகிறேன். மூன்று, கடைசியில் அவர் சொன்னது எனக்கு உண்மையில் விளங்கியதா, இல்லையா. இவர்கள் செய்தது எளிமையானது: கேட்டவர்களை, கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை எழுதவைத்தார்கள், பிறகு ஆக்சென்டுக்குத் தனியாகவும் சிரமத்துக்குத் தனியாகவும் மதிப்பெண் கேட்டார்கள். "ரொம்பக் கனமான ஆக்சென்ட்" என்று மதிப்பெண் போட்ட அதே ஆட்கள், அதே பேச்சை ஒரு வார்த்தை பிசகாமல் எழுதியிருந்தார்கள்!

இது உங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். ஒருவருடைய ஆங்கிலம் வித்தியாசமாகக் கேட்கிறது என்பதும், அவர் சொல்வது விளங்கவில்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருந்தே தீரும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், அதுதான் பிழை.

அப்புறம், காது பழகும். நாம் நினைப்பதைவிட மிக வேகமாகப் பழகும். கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் என்ற இருவர் 2004-ல் சோதித்துப் பார்த்ததில், பழக்கமில்லாத ஆக்சென்டைக் கேட்பவர்களுக்கு முதலில் ஏற்படும் தாமதம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே, ஒருசில வாக்கியங்களுக்குள்ளேயே, கணிசமாகக் குறைந்துவிட்டது. 2008-ல் ஆன் பிராட்லோவும் டெஸ்ஸா பென்ட்டும் இன்னும் ஒரு படி போனார்கள்: ஒரே ஆக்சென்ட் உள்ள பலரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே ஆக்சென்டில் பேசும் முற்றிலும் புதிய ஆளையும் எளிதாகப் புரிந்துகொள்ள முடிந்தது. முதல் நாள் முதல் பத்து நிமிடத்தை வைத்து ஒரு ஆசிரியரை முடிவு கட்டாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான். அந்தப் பத்து நிமிடம் உங்கள் காது இன்னும் வேலையைத் தொடங்காத நேரம்.

மாணவர்களின் கருத்தும் இதே மாதிரிதான் நகர்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டு மாணவர்களிடம் லூசி மூசு என்ற ஆய்வாளர் பருவத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கருத்துக் கேட்டார். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத ஆசிரியர்கள் மீதான மதிப்பு நாள் போகப் போக உயர்ந்திருந்தது. என் வகுப்புகளிலும் நான் கண்டது அதுவே. முதல் வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டு கேட்டவர்கள்தான் நான்காவது மாதத்தில் அதிகம் கேள்வி கேட்பவர்களாக இருந்திருக்கிறார்கள், ஒருமுறை இருமுறை இல்லை, கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆண்டும்.

"தாய்மொழியாகப் பேசுகிறவரிடம் கற்பதுதான் சிறந்தது" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1961-ல் உகாண்டாவின் மகரேரேயில் காமன்வெல்த் நாடுகளுக்காக ஆங்கிலம் கற்பித்தல் பற்றி ஒரு மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், சிறந்த ஆசிரியர் தாய்மொழியாளரே என்பன போன்ற சில கொள்கைகள் அந்த மாநாட்டில் உருப்பெற்றன. 1992-ல் மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இவை நிரூபிக்கப்பட்ட உண்மைகள் இல்லை, வெறும் நம்பிக்கைகள் என்று எழுதினார். நாம் இன்று விளம்பரங்களில் பார்க்கும் "நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்" என்ற வரிக்குப் பின்னால் அந்தப் பழைய நம்பிக்கைதான் நிற்கிறது. ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டீசோல் 2006-ல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1998-ல், ஜார்ஜ் பிரெய்ன் போன்ற தாய்மொழி அல்லாத ஆசிரியர்கள் அந்த அமைப்புக்குள்ளேயே தங்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கியிருந்தார்கள். விளம்பரங்கள் இன்னும் மாறவில்லை என்பது வேதனைதான்.

அந்தத் "தாய்மொழியாளரின் ஆங்கிலம்" என்பதாவது ஒன்றா? பிரிட்டனில் செய்தி வாசிப்பவர்களோடு சேர்த்து நாம் நினைக்கும் அந்த "சுத்தமான" உச்சரிப்பை அங்கே பேசுபவர்கள் மக்கள்தொகையில் வெறும் 3 விழுக்காடு என்று மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1970-களில் கணித்தார். எலிசபெத் அரசியின் கிறிஸ்துமஸ் உரைப் பதிவுகளை 1950-களிலிருந்து 1980-கள் வரை ஒப்பிட்டு ஜொனாதன் ஹாரிங்டன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், அரசியின் உயிரொலிகளே அந்த இடைவெளியில் இடம் மாறியிருந்தன, இளைய தலைமுறையின் பேச்சை நோக்கி நகர்ந்திருந்தன. அரசி பேசியதே அசையாமல் நிற்கவில்லை என்றால், எதை அளவுகோலாக வைத்து உங்கள் ஆசிரியரை அளக்கிறோம்? உலகத்தில் ஆங்கிலம் பேசுபவர்களில் பெரும்பான்மையினர் அதை இரண்டாவது மொழியாகவோ அதற்குப் பின்போ கற்றவர்கள். நாளைக்கு வேலையில் நீங்கள் ஆங்கிலத்தில் பேசப்போவது ஜெர்மானியரோடும் கொரியரோடும் நைஜீரியரோடும்தான் அதிகமாக இருக்கும்.

தாய்மொழி அல்லாத ஆசிரியருக்கு ஒரு தனி பலமும் உண்டு. ஹங்கேரியைச் சேர்ந்த பீட்டர் மெட்யெஷ் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதை விரிவாக எழுதியவர்: இப்படிப்பட்ட ஆசிரியர் தானே அந்த மொழியைப் படித்துக் கரையேறியவர், எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு நம் மொழியிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து பல்லுக்கும் வரும், அம்பு என்பதில் நடுவிலும் வரும். இரண்டிலும் ஒலி வேறு, முதலாவது ஆங்கிலத்தின் p, இரண்டாவது b, ஆனால் நமக்கு அது ஒரே எழுத்தாகவே மனதில் பதிந்திருக்கிறது. ஆங்கிலத்திலோ அந்த இரண்டு ஒலியும் பொருளை மாற்றிவிடும். அப்புறம், சொல்லின் தொடக்கத்தில் உயிர் சேராத தனி மெய் எழுத்து வருவது தமிழ் மரபில் இல்லை என்பதால்தான் நாம் ஸ்கூலை இஸ்கூல் ஆக்குகிறோம். v, w என்ற இரண்டு வெவ்வேறு ஆங்கில ஒலிகளை 'வ' என்ற ஒன்றில் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தை மட்டுமே அறிந்த ஒருவருக்கு நீங்கள் ஏன் அந்த இ-யைப் போடுகிறீர்கள் என்றே புரியாது, "அப்படி இல்லை, இப்படி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டத்தான் தெரியும். உங்கள் மொழி தெரிந்த ஆசிரியர் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லி, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிவிடுவார்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் டேவிட் லசகபாஸ்டரும் ஹுவான் மனுவேல் சியராவும் 2000-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதிலும் இதோடு ஒத்துப்போகிறது. உச்சரிப்புக்கும் பேச்சுக்கும் தாய்மொழியாளர் வேண்டும் என்றார்கள். இலக்கணத்துக்கும் கற்கும் வழிமுறைகளுக்கும் தங்களைப் போல் கற்று வந்தவர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் இருந்தால் மிக நல்லது என்றவர்கள்தான் அதிகம். மாணவர்கள் கண்மூடித்தனமாக ஒரு பக்கம் சாய்வதில்லை, நிதானமாகக் கேட்டால் நிதானமாகத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, இப்போது நியாயமான அந்தச் சிறு பகுதிக்கு வருவோம்.

தாய்மொழி அல்லாத ஆசிரியர் என்ற அடையாளத்துக்குப் பின்னால் சிலர் ஒளிந்துகொள்கிறார்கள், இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்கவில்லை என்று அர்த்தம். பாடநூலை விட்டு வெளியே ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச முடியாதவர், எதிர்பாராத ஒரு கேள்வி வந்தால் உடனே தாய்மொழிக்குத் தாவுகிறவர், வகுப்பு முழுக்கக் குறிப்பைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறவர். இவர்களிடம் இருப்பது ஆக்சென்ட் பிரச்சினை கிடையாது, மொழித் தேர்ச்சி போதவில்லை. பேச்சு வகுப்புக்கு அவர் வரக்கூடாது, அல்லது பயிற்சி எடுத்துக்கொண்டு வர வேண்டும். இதைப் பற்றி நீங்கள் புகார் சொன்னால் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

இரண்டாவது வகை, சரளமாகப் பேசுகிறவர், ஆனால் உண்மையிலேயே விளங்காமல் போகிறது. இங்கே எந்த அம்சம் விளங்குவதைக் கெடுக்கிறது என்பது பற்றி ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. வெவ்வேறு மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த இடத்தில் பேச்சு அறுந்துபோகிறது என்று பார்த்து, அவர் ஒரு பட்டியல் போட்டார். நாம் வகுப்பில் மணிக்கணக்காகத் திருத்தும் 'திங்க்', 'தட்' போன்ற சொற்களின் முதல் ஒலி அதில் இல்லை, அதை எப்படிச் சொன்னாலும் பெரும்பாலும் விளங்கிவிடுகிறது. மாறாக, உயிரொலியின் நீளம் மாறினால் விளங்காது. ஷிப் என்றால் கப்பல், ஷீப் என்றால் ஆடு. சொல்லின் தொடக்கத்தில் சேர்ந்து வரும் மெய்களில் ஒன்றை விழுங்கினால் விளங்காது. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றை அழுத்தினாலும் விளங்காது.

அந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி லாரா ஹான் 2004-ல் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. கொரிய மொழிக்காரரான ஒரு பயிற்று உதவியாளரை ஒரே சிறு விரிவுரையை மூன்று விதமாகப் பேசவைத்தார்: ஒன்றில் அழுத்தம் சரியான சொல்லில், இன்னொன்றில் தவறான சொல்லில், மூன்றாவதில் அழுத்தமே இல்லாமல். ஆளும் மாறவில்லை, அவருடைய கொரிய ஆக்சென்டும் மாறவில்லை. அழுத்தம் சரியாக இருந்ததைக் கேட்ட மாணவர்கள் செய்தியை அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள், பேசியவரையும் நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். நான் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்வேன், ஆக்சென்டை மாற்ற முயலாதீர்கள், எதை அழுத்துகிறீர்கள், எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள், மூன்று மாதத்தில் மாணவர்கள் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள் என்று. நம்மைப் போன்ற மொழிக்காரர்கள் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் வரிசையாக வேகமாக உதிர்த்துவிடும்போது, கேட்பவருக்கு எது முக்கியம் என்று பிடி கிடைப்பதில்லை.

இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டில் ஒரு வகுப்பிலிருந்து என் உச்சரிப்பைப் பற்றி நிர்வாகத்துக்குப் புகார் போனது. பெரிய அவமானமாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, வெள்ளைக்காரர்களின் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அவர்களைப் போலவே பேச முயன்றேன், ஒரு பருவம் முழுக்க. கடைசி வாரத்தில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து, "சார், முன்னாடி நீங்க பேசினது நல்லா புரிஞ்சது, இப்பதான் புரியல" என்றாள். நான் ஒலிகளைப் போலியாக வளைத்துக்கொண்டிருந்தேன், வேகத்தைக் கூட்டியிருந்தேன், அழுத்தமும் நிறுத்தமும் கைவிட்டுப் போயிருந்தன. அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் நான் மறுபடி என் குரலுக்குத் திரும்பினேன். இதைப் படிக்கிற இளம் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், அந்த ஒரு பருவத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

உங்கள் முதல் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அவருடைய ஆக்சென்ட் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்பது. வளர்ந்த ஒருவரின் ஆங்கில ஆக்சென்டைப் பெருமளவு தீர்மானிப்பது அவருடைய தாய்மொழி, எந்த வயதில் கற்கத் தொடங்கினார், அன்றாடம் யாரோடு எவ்வளவு ஆங்கிலத்தில் பேசுகிறார், கேட்கிறார் என்பவை. வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் கேட்கும் ஒரு குரல் அதை மாற்றி எழுதிவிடாது. அப்படி ஒட்டிக்கொள்வதாக இருந்தால், தாய்மொழியாளரிடம் ஓராண்டு படித்த எல்லோரும் அவரைப் போலவே பேச வேண்டுமே, பேசுகிறார்களா? வகுப்புக்கு வெளியே பல நாட்டுக் குரல்களைக் கேளுங்கள், அது வேறு யாரும் உங்களுக்குச் செய்து தர முடியாத வேலை.

கற்பித்தல் உலகமும் குறிக்கோளை மாற்றிக்கொண்டுவிட்டது. தாய்மொழியாளர் போல ஒலிக்க வேண்டும் என்பது ஒரு குறிக்கோள், கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்பது வேறொரு குறிக்கோள் என்று ஜான் லெவிஸ் 2005-ல் தெளிவாகப் பிரித்து எழுதினார். ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவுகோலுக்கு 2018-ல் வந்த துணைத் தொகுதியில் உச்சரிப்புக்கான பகுதியை முழுக்கத் திருத்தி, தாய்மொழியாளரோடு ஒப்பிடுவதை எடுத்துவிட்டு, விளங்குவதையே அளவாக வைத்தார்கள். மிக உயர்ந்த நிலையில் இருப்பவருக்கும் தன் முதல் மொழியின் சாயல் இருக்கலாம், குற்றமில்லை. நிர்வாகங்கள்தான் சில சமயம் பின்தங்கி நிற்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களின் உச்சரிப்பை அதிகாரிகள் வகுப்பில் வந்து குறித்துக்கொண்டு போனது 2010-ல் பெரிய சர்ச்சையானது, மத்திய அரசு விசாரணைக்குப் பிறகு 2011-ல் அதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதல் மூன்று நான்கு வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் விளங்கவில்லை என்று தோன்றினால், ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அவர் பாடம் நடத்துவதில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். எதற்கு என்று நேர்மையாகச் சொல்லியே கேளுங்கள், எங்களுக்கு எவ்வளவு விளங்குகிறது என்று பார்ப்பதற்காக என்று. வகுப்பில் ஐந்தாறு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, ஒரே ஒரு முறை கேட்டு, கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தால், உங்களுக்கு அவர் பேச்சு விளங்குகிறது, பழக்கமில்லை என்பதுதான் விஷயம். ஆளுக்கொரு இடத்தில் தவறியிருந்தால், அது உங்கள் கேட்கும் திறனைப் பற்றிச் சொல்கிறது, அதற்கும் வகுப்பிலேயே மருந்து உண்டு. எல்லோரும் அதே இடங்களில், அதே சொற்களில் தடுக்கியிருந்தால் மட்டுமே அவர் பேச்சில் திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது என்று பொருள்.

அப்படி இருந்தாலும் முதலில் அவரிடமே போங்கள். "உங்க இங்கிலீஷ் புரியல சார்" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், அதைக் கேட்டு எந்த ஆசிரியரும் எதையும் திருத்த முடியாது, மனம்தான் உடையும். இந்த ஏழு சொல் எங்களுக்குப் பிடிபடவில்லை, வந்தால் பலகையில் எழுதிவிடுகிறீர்களா, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறீர்களா என்று கேளுங்கள். நூறில் தொண்ணூறு ஆசிரியர்கள் நன்றி சொல்வார்கள் என்பது என் அனுபவம். மீதிப் பேர் கோபப்படுவார்கள், அல்லது முன்னே சொன்ன மாதிரி தேர்ச்சியே இல்லாதவர்களாக இருப்பார்கள். அப்போது அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போங்கள், ஆக்சென்ட் என்ற சொல்லையே பயன்படுத்தாமல், எந்தெந்த இடம் விளங்கவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.